‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் இருப்பவர்கள்

குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் எந்த ஊர்க் கொடை நோட்டீஸையும் எடுத்துப் பாருங்கள். மேலே சாமி படம். அதன் கீழே தலைமை, முன்னிலை. பிறகு உபயதாரர் பட்டியல். படிப்பு, ஊர், தொழில் எல்லாம் சேர்த்துப் பெயர்கள் இருக்கும். சிலருக்குப் படமும் உண்டு. பந்தல் போட்டவர், ரேடியோ செட் கட்டியவர், நோட்டீஸ் அடித்த அச்சகம் வரை பெயர் இருக்கும். கடைசியில் ஒரு வரி: ‘நையாண்டி மேளம், கரகாட்டம்: இன்னார் குழுவினர்’.

அந்தக் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் எட்டுப் பத்துப் பேர் இருக்கிறார்கள். தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம் என்று விடிய விடிய நின்று வாசிப்பவர்கள். கல்லூரிக்குப் போகும் ஒரு பையன் தன் தாத்தாவிடம் இதைக் கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்.

“தாத்தா, எத்தன வருசமா அடிக்கிய?”

“கணக்கு யாருலே வச்சா? ஒங்கய்யா பொறக்கதுக்கு முன்னால இருந்து.”

“நோட்டீஸ்ல ஒம்பேரு எங்க?”

“‘குழுவினர்’னு போட்டிருக்காம்லா. அது நாங்கதாம்லே.”

தாத்தாவுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியாது. பேரனுக்குத்தான் உறுத்தும். அந்த உறுத்தலை வைத்துக்கொண்டுதான் பாடகர் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். 2024-ல் முதல் தொகுதி என்று வெளியான அந்த ஆல்பத்தின் பாடல்கள் நம் பையன்களின் செல்போனில் இருக்கின்றன. பாட்டைக் கேட்கிறோம். அந்தத் தலைப்பு என்ன சொல்கிறது என்பதையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

குழுவாக நின்ற காலம்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடையில் 19 பேர் ஒன்றாக நின்று பாடினார்கள். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி அது. கானாவும் பறையும் ராப்பும் ராக் இசையும் ஒரே மேடையில் ஏறின. இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் அம்பேத்கரையும் கிடாரோடு சேர்த்துப் பாடினார்கள். குழுவின் பெயருக்கான வேர், அயோத்திதாசப் பண்டிதர் 100 ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லாட்சியில் இருக்கிறது.

நமக்கு அந்தக் குழு ஏன் முக்கியம்? சாவு வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறை, விளக்கு வெளிச்சமும் டிக்கெட்டும் உள்ள அரங்கத்துக்குள் மரியாதையோடு போனது. அது திடீரென்று வந்த மாற்றமும் இல்லை. சாவுக்கு அடிப்பதை ஊழியமாகச் செய்ய மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்துவிட்டு அடியும் ஒதுக்கமும் வாங்கிய தலைமுறை ஒன்று இருக்கிறது. அதே பறையை விடுதலைக் கருவியாகத் திரும்ப எடுத்த திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்ற பெண்கள் குழுக்களும் இருக்கின்றன. அவர்கள் போட்ட பாதையில்தான் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் நடந்தது. அந்தக் குழுவின் கானா பாடகி இசைவாணியின் பெயர் 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தது.

அந்த 19 பேரில் ஒருவர்தான் அரக்கோணத்துக்காரரான அறிவு. குழுவில் இருந்தபடியே 2019-ல் இசையமைப்பாளர் ஒஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சினிமாவுக்கும் எழுதினார், பாடினார். 2021-ல் வந்த ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ அவர் எழுதியதுதான். பிறகு குழுவின் மேடையை விட்டுத் தன் வழியில் போய், ‘தி அம்பாசா’ என்ற தன் இசைக் குழுவோடு கொண்டுவந்ததுதான் ‘வள்ளியம்மா பேராண்டி’.

‘குழுவை விட்டுப் போயிட்டான், இனிமே துட்டுதான்’ என்று சொல்கிறவர்கள் நம்மிடமே உண்டு. பெரிய குழுவிலிருந்து ஒருவர் பிரிந்து தனி ஆல்பம் போட்டால் உலகம் முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒரு தலித் கலைஞர் தனியாக வரும்போது அதற்கு வேறு பொருளும் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, இடையில் வந்த ஒரு பாட்டின் கதையைப் பார்க்க வேண்டும்.

ஒரு பாட்டு, மூன்று பெயர்

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளியானது. தீயும் அறிவும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். ஏ.ஆர்.ரகுமானின் ஆதரவோடு தொடங்கிய மாஜா நிறுவனம் வெளியிட்டது. பல கோடிப் பேர் பார்த்தார்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் கொடையிலும் அது ஒலிக்காத ரேடியோ செட் இருக்காது. நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலமில்லாமல் போன கதைதான் அந்தப் பாட்டு. ஆடத் தோன்றும் மெட்டுக்குள் ஒப்பாரி இருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட கனடா ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. தீ பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’, ஷான் பாடிய ‘நீயே ஒளி’ ஆகிய இரண்டு பாடல்களையும் எழுதியவர் அறிவு. பா.இரஞ்சித் இதைப் பொதுவெளியில் கேள்வி கேட்டார். பிறகு அந்த இதழ் அறிவை வைத்து இணைய அட்டை ஒன்றை வெளியிட்டது.

2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. உலகமே பார்த்த அந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அந்த மேடையில் இல்லை. சில நாள்களில் அவர் தன் பக்கத்தை எழுதினார். பாட்டை எழுதியது, இசையமைத்தது, பாடியது எல்லாம் தான் என்றும், மெட்டையோ ஒரு சொல்லையோ யாரும் தனக்குத் தரவில்லை என்றும் சொன்னார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். பாட்டு மூவர் உழைப்பில் உருவானது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன்.

2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டின் வழியாகத் தங்கள் மூவருக்கும் அதுவரை ஒரு காசுகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அவர் தரப்பின் கூற்று அது. வழக்கைத் தீர்ப்பது நம் வேலை இல்லை. ஆனாலும் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. உலகம் முழுக்க ஓடிய ஒரு பாட்டில் யார் என்ன செய்தார்கள் என்பதற்கு, மூன்று வருடம் கழித்தும் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பதில் கிடைக்கவில்லை. சென்னையில், பெரிய நிறுவனங்கள் இருக்கும் இடத்திலேயே இதுதான் நிலை என்றால், கொடை மேடையில் அடிப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டியின் பெயரை ஏன் வைத்தார்?

இத்தனைக்கும் பிறகு தனியாக வந்த ஒருவர் ஆல்பத்துக்குத் தன் பெயரைப் பெரிதாக வைத்திருக்கலாம். அறிவு தன்னைப் ‘பேராண்டி’ என்று சொல்லிக்கொண்டு பாட்டியின் பெயரை முன்னால் வைத்தார். நம் பக்கத்தில் பாட்டிமார் பேரனைக் கொஞ்சிக் கூப்பிடும் சொல் அது. வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர், நிலமற்றவர் என்பதை அறிவு பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதை நம் மாவட்டத்துக்குத் தூரமானது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் இலங்கையின் காப்பித் தோட்டத்திலும் பிறகு தேயிலைத் தோட்டத்திலும் உழைத்தார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. மண்டபம் முகாம் வருவதற்கு முன்பு, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் தோட்டக் கூலிகளைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பும் முகாம் இருந்தது. வானம் பார்த்த கரிசக்காட்டில் மழை பொய்த்த வருடங்களில் நம் ஊர்களிலிருந்து எத்தனை பேர் அந்த வழியில் போனார்கள் என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொழும்புக்குப் போய்த் திரும்பாத ஒரு பெரியாத்தாவின் கதை ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும்.

இலங்கை விடுதலை பெற்றதும் 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அந்த உழைப்பாளிகளை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் யாரையும் கேட்டு அந்தக் கணக்குப் போடப்படவில்லை. எண்ணிக்கை இருந்தது, பெயர் இல்லை. பெரிய அளவில் அடித்த கொடை நோட்டீஸ்தான் அது. லட்சக்கணக்கானவர்கள் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள்.

அந்த எண்ணிக்கைக்குள் இருந்து ஒரு வள்ளியம்மாளைப் பெயர் சொல்லி வெளியே அழைத்துவருவதைத்தான் இந்த ஆல்பத்தின் தலைப்பு செய்கிறது.

எட்டயபுரத்துக்குப் போனால் முத்துசாமி தீட்சிதருக்கு நினைவிடம் இருக்கிறது. 1835-ல் அங்கே மறைந்த அந்த மேதைக்கு அந்த மரியாதை தகும். அதே காலத்தில் அதே ஊர்த் திருவிழாவிலும் சாவிலும் அடித்த மேளக்காரர்களில் எவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அவர்களும் இசைக்காரர்கள்தான். அவர்கள் இசையை இசை என்று சொல்லாமல், சாதிக்கு விதித்த வேலை என்று சொன்னார்கள். வேலை சாதியின் பேரில் இருந்தால் செய்பவனுக்குப் பேர் தேவைப்படாது. ‘மேளக்காரனைக் கூப்பிடு’ என்றால் போதும்.

அதனால்தான் ஒரு தலித் கலைஞன் தன் பெயரில் ஆல்பம் போடுவதைச் சுயநலம் என்று ஒதுக்க முடியாது. சாதியின் வேலையாகப் பார்க்கப்பட்டதை ஒரு மனிதனின் படைப்பாகப் பார்க்கச் சொல்லும் உரிமைக் குரல் அது. குழு நமக்குத் துணிச்சல் தந்தது. பெயர் தனியாகத்தான் வர வேண்டியிருக்கிறது.

தனி என்பதும் முழுத் தனி இல்லை

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் கறுப்பினப் பாடகி லாரின் ஹில், ஃபியூஜீஸ் என்ற புகழ்பெற்ற குழுவில் இருந்தவர். 1996-ல் வந்த ‘தி ஸ்கோர்’ ஆல்பம் அந்தக் குழுவை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. 1998-ல் அவர் தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கிராமி விழாவில் அவருக்கு 5 விருதுகள் கிடைத்தன. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதை ஹிப் ஹாப் வகையில் முதலில் வாங்கியது அதுதான். ஒரு கறுப்பினப் பெண் தன் பெயரில் நின்று வென்றதை உலகம் கொண்டாடியது.

ஆனால் அந்த ஆல்பத்தில் கூட வேலை செய்த நான்கு இசைக்கலைஞர்கள், தங்கள் பங்குக்கு உரிய பெயர் போடப்படவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2001-ல் அது சமரசத்தில் முடிந்தது. தனக்குப் பெயர் வேண்டும் என்று வெளியே வந்தவரிடமே, எங்கள் பெயர் எங்கே என்று வேறு சிலர் கேட்டார்கள். அவமதிக்கப்பட்டவர் இன்னொருவரை மறந்துவிட வாய்ப்பில்லை என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கேள்வி அறிவுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. பாட்டியின் ஒப்பாரியிலிருந்து ஒரு பாட்டு பிறந்தால், ஒப்பாரியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களுக்கு என்ன பங்கு? சட்டத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. வழிவழியாக வரும் பாட்டு யாருக்கும் சொந்தமில்லாதது என்று பொதுவில் விட்டுவிடுகிறார்கள். அதிலிருந்து புதிதாக எழுதியவருக்கு உரிமை வருகிறது, பாடிக் கொடுத்தவருக்கு வருவதில்லை. தலைப்பில் பாட்டியின் பெயரை வைப்பது இந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது. ஆனால் கடன் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறது. அந்த ஒத்துக்கொள்ளல் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

நம் மண்ணிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பேராசிரியர் நா.வானமாமலை 1964-ல் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ நூலைக் கொண்டுவந்தார். அதற்குப் பாட்டுச் சேகரித்துக் கொடுத்தவர்களில் கரிசல் காட்டுத் தங்கம்மாள்புரத்து எஸ்.எஸ்.போத்தையாவும் ஒருவர். அந்த நூலில் பல பாடல்களுக்குக் கீழே ‘உதவியவர்’, ‘சேகரித்தவர்’, ‘இடம்’ என்று குறிப்பு இருக்கும். பாடிக் கொடுத்த பெண்ணின் பெயர் அச்சில் வந்தது. கம்ப்யூட்டரும் செல்போனும் இல்லாத காலத்தில் செய்தார்கள். எல்லாம் கையில் இருக்கும் காலத்தில் நாம் செய்யவில்லை.

மாணவர்கள் செய்ய வேண்டியது

விளாத்திகுளத்திலும் கோவில்பட்டியிலும் படிக்கும் பிள்ளைகள் பலர் இப்போது பாட்டு எழுதுகிறார்கள். பறை கற்றுக்கொள்கிறார்கள். யூடியூபில் போடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்கிக்கொண்டு அம்மா முணுமுணுத்த பாட்டை ரெக்கார்டு செய்து மெட்டுப் போடுகிறார்கள். அவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய பாட்டுக்கு எழுதிய உடனே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் சான்றாக நிற்கும். எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் அந்த உரிமை நீடிக்கும்.

உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். ‘தம்பி, நம்ம பயதான, பேப்பர் எதுக்கு’ என்ற வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாமல் விட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால் ‘என்றைக்கும், உலகம் முழுக்க’ என்று எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு பேரிடம் காட்டுங்கள். படித்த வக்கீல் ஒருவராவது நம் ஊரில் இருப்பார்.

2012-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகக் கடுமையாக வாதாடினார். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் தொடர்ந்து வரவேண்டிய ராயல்டி பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் பறித்துக்கொள்ள முடியாது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தனி உரிமை உண்டு. பெயரைப் போடச் சொல்லும் உரிமையும் அதில் அடங்கும். மேளம் அடிப்பவர் வீடியோவை எடுத்து யாராவது காசு பார்த்தால் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதையெல்லாம் விட எளிதான வேலை ஒன்று உண்டு. காசு தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை. ஆத்தாவிடம் ஒரு பாட்டைக் கேட்டு செல்போனில் பதிந்தால், வீடியோவுக்குக் கீழே மூன்று வரி எழுதுங்கள். பாடியவர் யார், சேகரித்தவர் யார், எந்த ஊர். பெயரைப் போடலாமா என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். 60 ஆண்டுக்கு முன்பு ஒரு பள்ளி ஆசிரியர் கரிசல் காட்டில் நடந்து திரிந்து செய்த வேலை அது.

அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கக் கமிட்டி கூடும். அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளை ஒருவன் எழுந்து, மேளம் அடிப்பவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்கட்டும். ‘இடமில்லை’ என்பார்கள். உபயதாரர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் பத்துப் பேர் பெயருக்கு இடம் கிடைக்கும். பவுண்டன் பேனா பிடித்துப் பழகாத அந்தத் தாத்தா, நோட்டீஸைத் தூரப் பிடித்து, பேரனை விட்டுத் தன் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அந்த ஒரு நாளுக்காகவாவது கேட்டுப் பார்ப்போம்.